போதிதர்மருக்குக் குங்ஃபூ வந்த கதை

காஞ்சிபுரத்துப் பல்லவ அரசனுக்கு மூன்றாவது மகன். வர்மம், வைத்தியம் இரண்டிலும் கரைகண்டவன். குருவின் சொல்லைத் தட்டாமல் சீனாவுக்குப் போனான். அங்கே பரவிய கொள்ளைநோயை விரட்டினான். ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்குச் சண்டை பழக்கினான். அதைத்தான் உலகம் குங்ஃபூ என்கிறது. கடைசியில், அவன் காப்பாற்றிய ஊரே அவனுக்கு நஞ்சும் வைத்தது.

போதிதர்மரின் இந்தக் கதையைக் கேள்விப்படாத தமிழர் இன்று குறைவு. கராத்தே வகுப்புச் சுவர்களில் புரூஸ் லீக்குப் பக்கத்தில், தாடியும் உருட்டிய விழியுமாக அவர் இருக்கிறார். மாமல்லபுரத்தில் கடலைக் காட்டி, அவர் கப்பலேறிய இடம் இதுதான் என்று சொல்வோரும் உண்டு. 2011 தீபாவளிக்கு வந்த 'ஏழாம் அறிவு' கதையைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஏ.ஆர். முருகதாஸ் இயக்கம், போதிதர்மராக சூர்யா. படத்தை இந்தியில் பேசவைத்தவர்கள் அதற்கு 'சென்னை வெர்சஸ் சைனா' என்று பெயர் சூட்டினார்கள். இரண்டு பழம்பெரும் நாடுகள் சந்தித்து மோதிக்கொள்ளும் சரித்திரச் சண்டைப்படத்துக்கு இதைவிட நேரடியான தலைப்பு கிடைக்காது.

கேட்பதற்குக் காஞ்சியின் பழங்கதை போலத் தோன்றும். ஆனால் இது காஞ்சித் தெருக்களில் பாட்டிகள் வழிவழியாகச் சொல்லிவந்த கதை அல்ல. இதன் பெரும்பகுதி சீனாவில் எழுதப்பட்டது. அதுவும் ஒரே நாளில் ஒரே ஆள் எழுதியதில்லை. இளவரசன், கடற்பயணம், நஞ்சு, சண்டை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நூற்றாண்டில் வெவ்வேறு ஆட்கள் கையால் வந்து ஒட்டிக்கொண்டது. சண்டை வந்தது கடைசியில். அது வந்த வேளைகளைக் கவனித்தால் ஓர் ஒற்றுமை தெரியும். ஒரு மக்கள் கூட்டம் அடிவாங்கித் துவண்டிருந்த போதெல்லாம் போதிதர்மரின் தோள் இன்னும் கொஞ்சம் திரண்டிருக்கிறது.

கோபுரத்தைப் பார்த்த கிழவர்

போதிதர்மரைப் பற்றிக் கிடைத்திருக்கும் முதல் எழுத்து 547ஆம் ஆண்டைச் சேர்ந்தது. யாங் சுவான்ஷி என்ற அதிகாரி, போரில் பாழாகிப்போன லுவோயாங் நகரத்துக்குத் திரும்பிச் சென்று பார்த்தார். ஒரு காலத்தில் அங்கே நிறைந்திருந்த பௌத்த மடங்களை நினைவுகூர்ந்து ஒரு நூல் எழுதினார். அதில் யோங்நிங் மடத்தின் மரக்கோபுரம் வருகிறது. 516இல் எழுப்பப்பட்டு 534இல் தீக்கிரையான கோபுரம் அது. அதை அண்ணாந்து பார்த்து மலைத்து நின்ற அயல்நாட்டுத் துறவி ஒருவரைப் பற்றி யாங் சில வரிகள் எழுதியிருக்கிறார். பெயர் போதிதர்மர். மேற்குத் திசையிலிருந்து வந்த பாரசீகர். தமக்கு வயது 150 என்றார். எத்தனையோ தேசம் சுற்றியும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்று சொல்லி, கைகூப்பியபடி நாட்கணக்கில் 'நமோ' என்று ஓதிக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான். இதில் காஞ்சியும் கிடையாது, இளவரசனும் கிடையாது. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்ட ஒரு கிழவர் மட்டும் இருக்கிறார்.

இளவரசனை அதே 6ஆம் நூற்றாண்டில் தான்லின் என்பவர் கொண்டுவந்தார். போதிதர்மரின் சீடர் வட்டத்தைச் சேர்ந்தவர் அவர். தம் ஆசானின் போதனைக்கு எழுதிய முன்னுரையில், ஆசான் தென்னிந்தியர், ஒரு பேரரசனின் மூன்றாம் மகன் என்று குறித்தார். 645இல் தாவ்சுவான் என்ற துறவி எழுதிய பெருந்துறவியர் வரலாறு, அவரைத் தென்னிந்திய அந்தணர் குலம் என்றது. சீனாவின் தென்கரையில் வந்து இறங்கினார் என்றும் சொன்னது. பாரசீகர், அரச குலத்தவர், அந்தணர் என்று நூறே ஆண்டுகளில் மூன்று பிறப்புகள்.

1004இல் தொகுக்கப்பட்ட சென் பௌத்தத்தின் பெரிய நூலொன்று அவரை ஷியாங்சி அரசனின் மூன்றாம் மகன் என்கிறது. அந்த ஷியாங்சி நம் காஞ்சிதான் என்பது பிற்கால ஆய்வாளர்கள் சிலரின் கணிப்பு. பொருந்தக்கூடியதுதான், முடிந்த முடிவு என்று சொல்ல முடியாது. 7ஆம் நூற்றாண்டில் காஞ்சியைப் பற்றி விரிவாக எழுதிய யுவான் சுவாங் அந்த நகரின் பெயரை வேறு எழுத்துகளில்தான் எழுதினார். அதே 1004ஆம் ஆண்டு நூல், போதிதர்மர் மூன்று ஆண்டுகள் கடலில் பயணம் செய்து குவாங்சோவில் கரையேறினார் என்கிறது. அவர் கால் பதித்ததாகச் சொல்லும் இடத்தை அந்த நகரத்தார் இன்றும் போற்றுகிறார்கள். கடற்கரைத் துறைமுகம் வைத்திருந்த நாம்தான், நம் படத்தில் அவரைக் குதிரையில் ஏற்றி அனுப்பினோம்.

இதற்கு நடுவே சீனக் கதைசொல்லிகள் சும்மா இருக்கவில்லை. லியாங் நாட்டுப் பேரரசர் வூ, நான் இத்தனை மடம் கட்டினேனே, எவ்வளவு புண்ணியம் என்று கேட்க, ஒன்றும் கிடையாது என்று போதிதர்மர் பதில் சொன்னாராம். ஒரு நாணல் தண்டின் மேல் நின்று யாங்சி ஆற்றைக் கடந்தாராம். ஷாவோலின் அருகே ஒரு குகையில் ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். நஞ்சும் சீனச் சரக்குதான். 8ஆம் நூற்றாண்டு நூல்களிலேயே அது வந்துவிடுகிறது. போதிருசி என்ற இந்தியத் துறவியும் ஹுய்குவாங் என்ற சீனத் துறவியும் பொறாமையால் ஆறு முறை விஷம் வைத்தார்கள் என்கிறது கதை. தமிழ்ப் படம் அந்த நஞ்சை வாங்கி, வைத்த கையை மட்டும் மாற்றியது. பொறாமைக்காரத் துறவிகளுக்குப் பதில், அவர் உடல் எங்கள் மண்ணிலேயே புதைந்தால் நோய் அண்டாது என்று நம்பிய ஊர்மக்கள்.

இத்தனை அற்புதங்களிலும் போதிதர்மர் யாரையும் ஓர் அடிகூட அடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக் காலம் அவருக்கு வாய்த்த வேலை உட்கார்ந்திருப்பது. ஒன்பது வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவரைச் சண்டை ஆசானாக்குவது லேசான காரியமில்லை.

காஞ்சியில் தேடினால்

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? பல்லவர்கள் செப்பேடுகளில் தம் வம்சத்தை வரிசையாகச் சொல்லும் பழக்கம் உள்ளவர்கள். துறவியாகிச் சீனா போன மூன்றாம் மகன் ஒருவரைப் பற்றி அவற்றில் பேச்சே இல்லை. மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த நரசிம்மவர்மன் 7ஆம் நூற்றாண்டுக்காரன். கடற்கரைக் கோயில் அதற்கும் பிந்தியது. போதிதர்மர் சீனாவில் நடமாடிய காலத்தில் நாம் இன்று பார்க்கும் கல் அங்கே ஒன்றுகூடச் செதுக்கப்பட்டிருக்கவில்லை.

பௌத்தம் இருந்தது, அதில் ஐயமில்லை. தர்க்க அறிஞர் திங்நாகர் இந்தப் பகுதியைச் சேர்ந்தவர். நாலந்தாவின் தலைவராக உயர்ந்த தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர். நூற்றுக்கு மேற்பட்ட மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் காஞ்சியில் இருந்ததாக யுவான் சுவாங் கணக்குச் சொல்கிறார். 1915இல் தொல்லியல் அறிஞர் கோபிநாத ராவ், காமாட்சியம்மன் கோயிலிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த புத்தர் சிலைகளைப் பற்றி எழுதினார்.

காஞ்சி பௌத்தத் துறவி ஒருவர் கைகலப்பில் மாட்டிக்கொள்ளும் காட்சியும் பல்லவர் காலத்திலிருந்து நமக்குக் கிடைத்திருக்கிறது. எழுதியவர் சாமானியரல்ல, முதலாம் மகேந்திரவர்மனே. 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற அவருடைய சமஸ்கிருத நையாண்டி நாடகத்தில், குடிபோதையில் இருக்கும் காபாலிகன் ஒருவனின் கபாலத்தைக் காணவில்லை. நாகசேனன் என்ற பௌத்தத் துறவிதான் திருடினான் என்று காஞ்சித் தெருவில் வைத்து மடக்குகிறான். காபாலிகனின் துணைவி தேவசோமா துறவியின் முடியைப் பிடித்து இழுக்கப் பாய்ந்து, பிடி கிடைக்காமல் கீழே விழுகிறாள். தலையை மழித்துக்கொள்ளச் சொன்ன புத்தர் எவ்வளவு தொலைநோக்குள்ளவர் என்று துறவி வியந்துகொள்கிறார். கபாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். பல்லவ அரசன் ஒருவனே எழுதிய 'பௌத்தர் சண்டைக்காட்சி' இதுதான். வர்மமும் இல்லை, பறந்து உதைக்கும் உதையும் இல்லை. மொட்டைத் தலைதான் தற்காப்பு.

நம் சண்டைக் கலைகளுக்கு மூலவர் இல்லாமலும் இல்லை. வர்ம ஏடுகள் அகத்தியர் முதலான சித்தர் பெயர்களில் வழங்குகின்றன. சீனாவோடு தமிழரை இணைக்கும் நம் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. அதன் நாயகர் போகர். அவர் சீனா போய்வந்தார் என்பார்கள், சீனரே என்பாரும் உண்டு. அவர் கொண்டுபோனதும் கொண்டுவந்ததும் மருந்து, பாஷாணம், ரசவாதம். படத்தில் போதிதர்மர் பச்சிலை அரைத்துக் கொள்ளைநோய் தீர்க்கும் இடத்தில் தெரிவது போகரின் சாயல்தான்.

அடுப்படியில் பிறந்த வீரம்

ஷாவோலின் மடம் போதிதர்மருக்காகக் கட்டப்பட்டதல்ல. 5ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், பாத்துவோ என்ற வேறொரு இந்தியத் துறவிக்காக வடக்கு வேய் பேரரசர் அமைத்துக்கொடுத்த மடம் அது. பாத்துவோ தம் சீடனைக் கண்டெடுத்த விதம் சுவையானது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் நின்றபடி இறகுப்பந்தைத் தரையில் விழவிடாமல் காலாலேயே ஐந்நூறு முறை உதைத்ததைப் பார்த்து அவனைச் சேர்த்துக்கொண்டார் என்கிறார் தாவ்சுவான். அந்தப் பையன்தான் ஹுய்குவாங். பின்னாளில் கதைசொல்லிகள் போதிதர்மருக்கு நஞ்சு வைத்த பழியைச் சுமத்திய அதே ஆள்.

மடத்துத் துறவிகள் நிஜமாகவே போரில் இறங்கியது 621இல். லுவோயாங்கைப் பிடித்துவைத்திருந்த வாங் ஷிச்சோங்குக்கு எதிராக, பின்னாளில் தாங் பேரரசரான லீ ஷிமின் பக்கம் நின்று உதவினார்கள். 728இல் நட்ட கல்வெட்டில் பதின்மூன்று துறவிகளின் பெயர் இருக்கிறது. மடத்துக்குப் பெரிய நிலபுலம் இருந்தது, நாட்டில் கலவரம் இருந்தது, ஆகவே காவலுக்குத் தடியும் இருந்தது. இதற்கு இந்திய ஆசான் யாரும் வேண்டியதில்லை.

16ஆம் நூற்றாண்டில் ஷாவோலின் தடிச்சண்டை நாடறிந்த கலையாகிவிட்டது. 1553இல் கடற்கொள்ளையரை எதிர்க்கத் துறவிப்படை போனது. அந்தக் காலத்துத் துறவிகளிடம் உங்கள் வித்தைக்கு மூலவர் யார் என்று கேட்டிருந்தால், போதிதர்மர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள், சமையற்கட்டைக் காட்டியிருப்பார்கள். செந்தலைப்பாகைக் கலகக்காரர்கள் மடத்தைச் சூழ்ந்தபோது, அடுப்படி எடுபிடி ஒருவன் தீக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு மலையளவு வளர்ந்து நின்று அவர்களை ஓட்டினான். அவன் கின்னர தேவன் என்று பிறகு தெரிந்தது. மடத்தில் அவனுக்குச் சிலையும் வழிபாடும் இருந்தன. தடிக்கலையின் பிதாமகன் அந்தச் சமையலாள்.

1624: இரும்புப் பெட்டி

போதிதர்மரின் உடம்பில் முறுக்கேற்றிய நூல் 'யிஜின் ஜிங்'. தசைநார்களை மாற்றி வலுவாக்கும் பயிற்சிகளைச் சொல்வது. அதன் பின்னுரையில் இருக்கும் ஆண்டு 1624. போதிதர்மர் போனபின் ஷாவோலின் சுவருக்குள் ஓர் இரும்புப் பெட்டி கிடைத்தது, அதில் இரண்டு சுவடிகள் இருந்தன, அவற்றில் ஒன்று இது என்பது நூல் தனக்குத்தானே எழுதிக்கொண்ட பிறப்புச் சான்று. உள்ளே இருப்பவையோ தாவோ மரபின் மூச்சுப்பயிற்சியும் உடலை உருவிவிட்டு, தட்டிக்கொடுத்து உரமேற்றும் முறைகளும். பின்னுரை எழுதியவரும் தாவோ மார்க்கத்தவர்.

நூலுக்குப் பழமை காட்ட இரண்டு முன்னுரைகள். ஒன்று தாங் காலத் தளபதி லீ ஜிங் 628இல் எழுதியதாம். இன்னொன்று நியூ காவ் 1142இல் எழுதியதாம். இவர் சீனரின் வீரத்திருமகன் யூ ஃபேயின் படைத்தலைவர். இரண்டும் போலி. தேதிகள் உதைக்கின்றன, சம்பவங்கள் இடிக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவன் நான் என்று நியூ காவ் தம் முன்னுரையிலேயே சொல்லிக்கொள்கிறார். 18ஆம் நூற்றாண்டு அறிஞர் லிங் திங்கான் இதையெல்லாம் அப்போதே கேலி செய்துவிட்டார்.

ஆனால் போலி எழுதியவர் ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பார்க்க வேண்டும். லீ ஜிங் வடக்கே துருக்கியரை முறியடித்தவர். நியூ காவ் வடக்கிலிருந்து வந்த ஜூர்ச்சன்களோடு பொருதியவர். 1621இல் மஞ்சுக்கள் மிங் அரசின் ஷென்யாங், லியாவ்யாங் நகரங்களைப் பிடித்துவிட்டார்கள். அவர்கள் தம்மை அந்த ஜூர்ச்சன்களின் வாரிசு என்று அறிவித்துக்கொண்டவர்கள். வடக்கிலிருந்து அடி விழுந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், வடக்கை வென்ற வீரர்களின் பலத்துக்கு ரகசியம் இதோ என்று ஒரு புத்தகம் வெளிவருகிறது. அந்த ரகசியத்தைத் தந்தவர் போதிதர்மர் என்கிறது. தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதிலும் போதிதர்மர் சண்டை கற்றுத்தரவில்லை; உடம்பைத்தான் வலுப்படுத்தினார். கை முஷ்டியாக மடங்க இன்னும் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆயின.

பத்திரிகை, நாவல், வெள்ளித்திரை

1900இல் பாக்ஸர் கலகம் தோற்றது. எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கில் புகுந்தன. கிழக்கின் நோயாளி என்ற பட்டம் சீனர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அந்தத் தலைமுறைக்குத் தன் உடம்பின் மேல் நம்பிக்கை வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் லியூ ஏ தொடராக எழுதிய 'லாவ் சானின் பயணங்கள்' நாவலில் ஷாவோலின் குத்துச்சண்டைக்கும் போதிதர்மருக்கும் முடிச்சு விழுந்தது. 1915இல் 'ஷாவோலின் குத்துச்சண்டை ரகசியங்கள்' என்ற நூல், மஞ்சு எதிர்ப்பு ஆவேசத்தோடு, அந்த முடிச்சை இறுக்கியது. மூச்சுப்பயிற்சி சொல்லித்தந்தவர் இப்போது குத்துச்சண்டையின் தந்தை. புத்தகம் மலிவு, ஊரெங்கும் பரவியது.

தாங் ஹாவ் என்ற வழக்கறிஞர், தாமும் சண்டைக்கலை பயின்றவர், 1930இல் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். குங்ஃபூவுக்கும் போதிதர்மருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று ஆதாரத்தோடு காட்டினார். கோபம் கொண்ட பயில்வான்கள் அவரை அடிக்கத் தேடினார்கள் என்றொரு பேச்சு உண்டு. நூல் அறிஞர்களிடம் நின்றது. கதை ஜனங்களிடம் போனது. ஓகினாவாவில் பிறந்து ஜப்பானுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன ஃபுனகோஷி 1935இல் எழுதிய பாடநூலிலும் அது ஏறிக்கொண்டது. தியானத்தில் சோர்ந்த துறவிகளுக்குப் போதிதர்மர் பயிற்சி தந்தார் என்ற வடிவம் அது. அங்கிருந்து கராத்தே போன ஊரெல்லாம் போனது. செங்கல்பட்டு மொட்டைமாடி வகுப்புக்கும் வந்து சேர்ந்தது.

திரைப்படமும் அதே காயத்திலிருந்து வளர்ந்ததுதான். 1928இல் ஷாங்காயில் 'செந்தாமரைக் கோயில் எரிந்தது' என்ற படம் பாகம் பாகமாக வந்து சண்டைப்பட வெறியைக் கிளப்பியது. 1972இல் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி' படத்தில் புரூஸ் லீ, கிழக்கின் நோயாளி என்று எழுதிய கண்ணாடிச் சட்டகத்தை உடைத்தார். 1978இல் ஷா சகோதரர்களின் '36ஆம் அறை', மஞ்சு ஆட்சியில் நசுங்கிய இளைஞன் ஷாவோலினில் பயின்று திரும்பும் கதை. 1982இல் ஜெட் லீயின் 'ஷாவோலின் டெம்பிள்' 621ஆம் ஆண்டுத் துறவிகளைத் திரைக்குக் கொண்டுவந்தது; அதன் பிறகு மடத்துக்குச் சுற்றுலாக் கூட்டம் அலைமோதியது. 1994இல் போதிதர்மர் வாழ்க்கையே ஹாங்காங்கில் படமானது. தென்னிந்திய இளவரசனாகச் சீன நடிகர் நடித்தார். நாம் அவரை நம்மவர் என்று திரையில் கொண்டாடுவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பு.

ஊர் திரும்பிய இளவரசர்

தமிழ் சினிமாவுக்குச் சண்டை புதிதல்ல. எம்.ஜி.ஆர். சிலம்பத்தை நிஜமாகவே பழகியவர். 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் அவர் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடி கம்பு சுற்றுவதை இன்னும் பேசுவார்கள். ஆனால் எம்.ஜி.ஆர். கம்பு எடுத்தால் எதிரே நிற்பவன் ஊர்ப் பண்ணையாராகவோ நகரத்து ரவுடியாகவோ இருப்பான். அயல்நாட்டோடு மோதிப் பார்க்கும் ஆசை அந்தச் சண்டைகளில் இல்லை.

2011இல் இருந்தது. ஈழப்போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். கையாலாகாமல் பார்த்துக்கொண்டிருந்தோம் என்ற வேதனை தமிழ்நாட்டில் கனன்றுகொண்டிருந்தது. அதை மனத்தில் வைத்து எழுதிய வசனங்களுக்குத் திரையரங்கில் கைதட்டல் எழுந்தது. படத்தின் முதல் இருபது நிமிடம்போல போதிதர்மர் கதை. மிச்சம் இன்றைய சென்னை. சீனாவிலிருந்து டோங் லீ என்பவன் நோய்க்கிருமியோடு வருகிறான். பார்வையாலேயே ஆளைக் கட்டிப்போடுகிறான். மரபணு ஆய்வு செய்யும் மாணவி, சர்க்கஸில் வேலை செய்யும் இளைஞனுக்குள் உறங்கும் போதிதர்மரைத் தட்டியெழுப்புகிறாள். நம்மிடம் எல்லாம் இருந்தது, மறந்துவிட்டோம், விழித்துக்கொண்டால் போதும் என்பது சாரம். 1624இல் மிங் நாட்டுக்காரர் ஒருவருக்கும் 1915இல் ஷாங்காய் வாசகருக்கும் கிடைத்த அதே ஆறுதல். அவர்களை மஞ்சுக்கள் அடித்திருந்தார்கள், வெள்ளையர் அடித்திருந்தார்கள். நமக்குப் படம் காட்டிய எதிரி சீனா. எந்த நாட்டார் இந்தச் சண்டை ஆசானைத் தங்கள் வலிக்காகப் படைத்தார்களோ, அவர்களையே அடிக்க அவரைக் கிளப்பிவிட்டோம்.

இதற்காகப் படத்தை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. சரித்திரச் சண்டைப்படம் என்ற வகையே இப்படித்தான் இயங்குகிறது. கடந்த காலத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு, நேற்று வாங்கிய அடிக்கு இன்று பதில் தருவது அதன் தொழில். பிழை பார்வையாளரிடம் நேர்கிறது. படம் முடிந்து வெளியே வந்தபின்பும் அதைச் சான்றிதழாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும்போது.

எடுக்காத படம்

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று சுற்றிப் பார்த்தார்கள். தமிழ்நாட்டுக்கும் ஃபூஜியன் மாகாணத்துக்கும் உறவு ஏற்படுத்துவது பற்றிப் பேச்சு வந்தது. பத்திரிகைகளில் போதிதர்மர் மறுபடி உலா வந்தார். அடுத்த மாதமே, நவம்பர் 29 அன்று, செங்கல்பட்டு தனி மாவட்டமாகி மாமல்லபுரம் அதன் பங்குக்குப் போனது. காஞ்சிபுரம் தனியே நின்றது. போதிதர்மர் பிறந்ததாகச் சொல்லும் ஊர் ஒரு மாவட்டம், கப்பலேறியதாகச் சொல்லும் ஊர் இன்னொரு மாவட்டம்.

இந்தக் கரைக்கும் சீனாவுக்கும் உறவு உண்டு என்று சொல்ல அவரை நம்பியிருக்க வேண்டியதே இல்லை. ஹுவாங்சி என்ற தெற்கு நாட்டிலிருந்து கி.பி. 2இல் உயிருள்ள காண்டாமிருகம் ஒன்று சீன அரசவைக்கு வந்ததாக ஹான் வரலாறு சொல்கிறது. அந்த நாடு காஞ்சி என்பது அறிஞர் பலரின் கருத்து. மாமல்லபுரத்துக்குத் தெற்கே பாலாற்று முகத்துவாரத்தில், வசவசமுத்திரத்தில், 1970இல் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. துறைமுகம் மேற்கையும் கிழக்கையும் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. ஃபூஜியனின் சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. தமிழ் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் எழுப்பியிருந்தார்கள்.

ஆளாகவே காட்ட வேண்டும் என்றால் வஜ்ரபோதி இருக்கிறார். 671இல் பிறந்தவர். பிறந்த இடம் பற்றி அவருக்கும் சீனத்தில் இரண்டு கதை. ஒன்றில் தெற்கத்தி அந்தணர், இன்னொன்றில், சொல்லி வைத்தாற்போல, ஓர் அரசனின் மூன்றாம் மகன். ஆனால் அவருடைய பயணத்துக்குத் தடயம் இருக்கிறது. காஞ்சியில் ராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன் ஆட்சி; கடற்கரைக் கோயிலைக் கட்டியவன். அவனுடைய ஆதரவோடு கிளம்பி, இலங்கையில் பாரசீக வணிகரின் கப்பல்களோடு சேர்ந்து, ஸ்ரீவிஜயம் வழியாக, புயலில் அடிபட்டு 719இல் குவாங்சோவை அடைந்தார். தாந்திரிக பௌத்த நூல்களை மொழிபெயர்த்தார். 741இல் லுவோயாங்கில் காலமானார். அவருடைய சீடர் அமோகவஜ்ரர் தாங் அரசவையின் பெரும்புள்ளியானார். எந்தக் கராத்தே வகுப்புச் சுவரிலும் வஜ்ரபோதி படம் கிடையாது. குற்றம் ஒன்றுதான், அவர் கையில் யாரும் குங்ஃபூவைக் கொடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 720இல், அதே ராஜசிம்மனின் தூதர்கள் தாங் அரசவையில் நின்றதைச் சீனரின் அரச வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. ஐந்து நிறமும் பேச்சும் கொண்ட கிளி ஒன்றைப் பரிசாகத் தந்தார்கள். அரபியரையும் திபெத்தியரையும் தண்டிக்க யானைப்படையும் குதிரைப்படையும் கொண்டுவருகிறோம், எங்கள் சேனைக்கு ஒரு பெயர் சூட்டுங்கள் என்று கேட்டார்கள். பேரரசர் பெயர் சூட்டினார். சீனாவுக்காகத் தான் எழுப்பிய கோயில் ஒன்றுக்கும் பெயர் கேட்டு வாங்கினான் பல்லவன். தூதருக்குச் சரிகை அங்கியும் பொன் கச்சையும் கிடைத்தன. மன்னனுக்குத் தென்னிந்திய அரசன் என்ற பட்டம் வந்தது.

பல்லவர், தாங், அரபியர், திபெத்தியர் என நான்கு வல்லரசுகள் ஒரே காட்சியில் சந்திக்கின்றன. கப்பல் இருக்கிறது, புயல் இருக்கிறது, துறவி இருக்கிறார், பேசும் கிளிகூட இருக்கிறது. கடற்கரைக் கோயில் வாசலிலேயே முதல் நாள் படப்பிடிப்பைத் தொடங்கலாம். ஆண்டு, பெயர், பட்டம் எல்லாம் எழுத்தில் இருப்பதால் வசனகர்த்தா கற்பனையை இரவல் வாங்க வேண்டியதில்லை. யாரும் யாரையும் கடைசிவரை அடிக்காததால், சண்டைப் பயிற்சியாளரின் சம்பளம்தான் மிச்சமாகும்.